என்ட்ரி ஏறாத விபத்துகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு விபத்து நடந்தால் பொலிஸ் வருமா வராதா என்பது பொலிஸ் நிலையத்தில் முடிவாவது குறைவு. பெரும்பாலும் அது விழுந்த இடத்திலேயே, முதல் பத்து நிமிடத்துக்குள் முடிவாகிவிடும். ஓட்டி வந்தவர், விழுந்தவர், பக்கத்துக் கடைக்காரர், மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வரும் இரண்டு அண்ணைமார். இந்தச் சபைதான் தீர்ப்புச் சொல்லும். "உயிருக்கு ஒண்டும் இல்லைத்தானே. பொலிஸுக்குப் போனால் வேற கரைச்சல். ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ." இதைச் சொல்ல ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

வாகனக் காப்புறுதியில் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுத்து, சேதத்தைக் குறித்து, மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் வேலை. பொலிஸுக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் ஏராளம். பொலிஸ் வராமலே முடிந்த இடங்கள் அதைவிட அதிகம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "பொலிஸ்காரர் வரமாட்டினம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கிட்ட நின்று பார்த்தால் கதை அவ்வளவு நேரானது இல்லை. அவர்களுக்குத் தெரியவே வராதவைதான் பாதி.

சட்டத்தில் குறை இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி நிறுத்த வேண்டும், தன் விவரத்தைக் கொடுக்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். இதெல்லாம் லைசன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் பாடமாக்கியதுதான். பரீட்சை முடிந்த பிறகு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஆள் இறந்துவிட்டால் மட்டும் சபைக்கு வேலை இல்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி, பிரேத பரிசோதனை, நீதிவான் நீதிமன்றம் என்று எல்லாம் வரிசையாக வரும். பொலிஸ் கடதாசி இல்லாமல் உடலை வீட்டுக்கு எடுக்க முடியாது. அதனால் மரணங்கள் தப்பாமல் ஏட்டில் ஏறுகின்றன. காயம் குறையக் குறைய ஏறுவதும் குறைகிறது. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. 1999இல் நோர்வேயைச் சேர்ந்த ரூன் எல்விக் என்ற ஆய்வாளரும் அவரோடு இன்னொருவரும் 13 நாடுகளில் நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உத்தியோகபூர்வப் பதிவில் ஏறியவை மரணங்களில் 95 சதவீதம், கடுமையான காயங்களில் 70 சதவீதம், சிறு காயங்களில் 25 சதவீதம், மிகச் சிறிய காயங்களில் 10 சதவீதம். காரில் இருப்பவர்களின் விபத்துகள்தான் கூடப் பதிவாகியிருந்தன, சைக்கிளில் போகிறவர்களுடையவை கடைசியில் நின்றன. வேறு வாகனம் எதுவும் படாமல் சைக்கிளில் தனியாக விழுந்தவர்களில் பத்துக்கு ஒருவர்கூட ஏறவில்லை. பார்த்தவை பெரும்பாலும் மேற்கு நாடுகள். அங்கேயே இப்படியென்றால், விடிய வெள்ளன தோட்டத்துக்கும் மீன் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போகும் வயதானவர்கள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சைக்கிள்காரர் ஏன் விடுபடுகிறார்? அவரிடம் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லாதவருக்கு இழப்பீட்டுப் படிவம் இல்லை, படிவம் இல்லாதவருக்குப் பொலிஸ் அறிக்கை தேவை இல்லை. நான் வேலையில் கண்டுகொண்ட முதல் விஷயம் இது. ஒரு விபத்தில் பொலிஸ் தேவையா என்பதைக் காயம் ஒரு பக்கம் தீர்மானித்தால், மறு பக்கம் காப்புறுதி தீர்மானிக்கிறது. லீசிங்கில் எடுத்த காருக்கும் வானுக்கும் முழுக் காப்புறுதி இருக்கும், லீசிங் கம்பனி அது இல்லாமல் வாகனத்தைக் கொடுக்காது. அந்தச் சாரதி இடித்த உடனே எங்களுக்குப் போன் எடுப்பார். சின்னச் சேதமென்றால் பொலிஸ் அறிக்கை கேட்காமலே அந்த இடத்திலேயே கணக்கை முடித்துக் கொடுப்போம். கம்பனிக்கும் அது லேசு, அவருக்கும் லேசு. ஆள் காயப்பட்டிருந்தால், அல்லது மற்றவருடைய மதிலோ கடையோ உடைந்திருந்தால், "பொலிஸில் ஒரு என்ட்ரி போடுங்கோ" என்போம், அதாவது நிலையத்து ஏட்டில் முறைப்பாட்டைப் பதியச் சொல்வோம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்காரருக்கோ தன் வாகனத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. அவர் ஏன் நிலையத்துக்குப் போய் வாங்கில் குந்தியிருக்க வேண்டும்?

இருபாலைப் பக்கம் ஒருமுறை ஒரு ஹயஸ் வான் சைக்கிளில் போன ஐயா ஒருவரைத் தட்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம், வாடகை வான், பின்னேரம் கொழும்புக்குத் திரும்பும் அவசரம். ஐயாவுக்கு முழங்கால் உரசல், சைக்கிள் றிம் நெளிந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போவம் ஐயா" என்று அவர்கள் கேட்காமல் இல்லை. "வேண்டாம் தம்பி, றிம்மைச் சரிப்பண்ணித் தாங்கோ, காணும்" என்றார் அவர். குடும்பத் தலைவர் பேர்ஸைத் திறந்து றிம்முக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு காசைக் கையில் வைத்தார். எல்லோருக்கும் திருப்தி. நான் வானின் பம்பரைப் படம் எடுத்தேன், எங்கள் படிவத்தில் பம்பருக்கு இடம் இருந்தது. பிறகு கேள்விப்பட்டேன், இரண்டொரு நாளில் ஐயாவுக்கு இடுப்பு வீங்கி நடக்க ஏலாமல் போனதாம். மகன் நிலையத்துக்குப் போக, "அண்டைக்கே ஏன் வரேல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் மகனிடம் ஒன்றும் இல்லை. வானின் இலக்கம்கூட அவரிடம் இல்லை.

கைக்காசு கொடுத்து முடிப்பதைக் கெட்ட வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடி உடைந்ததற்கும் இன்டிக்கேட்டர் நொறுங்கியதற்கும் வழக்குப் பேசிக்கொண்டு திரிந்தால் யாருக்கும் பிழைப்பு ஓடாது. ஆனால் அந்தப் பேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஒருவர் கையில் காசு, மற்றவர் உடம்பில் இன்னும் தெரிய வராத காயம்.

பொலிஸைக் கூப்பிடாமல் விடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லைசன்ஸ் இல்லை, வருமான அனுமதிப்பத்திரம் காலாவதி, தலைக்கவசம் போடவில்லை, மச்சானின் மோட்டார் சைக்கிள், ஓட்டியது ஏ.எல் படிக்கும் பெடியன், டியூஷனுக்குப் போன வழி. பிழை மற்றவருடையதாக இருந்தாலும் இவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அப்புறம் வாகனம் மறியலுக்குப் போய்விடும் என்ற பயம். கடுமையான விபத்தென்றால் வாகனத்தை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிறேக், ஸ்டியறிங் எல்லாம் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், பிறகுதான் விடுவிப்பு. ஆட்டோ ஓடிப் பிழைப்பவருக்கு இந்த நாட்கள் முழுக்க வருமானம் இல்லாத நாட்கள். நிலைய வளவுகளில் வெயிலிலும் மழையிலும் கிடந்து கறள் பிடிக்கும் மோட்டார் சைக்கிள்களை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

அடுத்தது மொழி. வடக்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, கீழே கையெழுத்து வைக்கச் சொல்லப்பட்ட அனுபவம் இங்கே பல குடும்பங்களுக்கு உண்டு. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கொடுத்த அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. இப்போது நிலைமை முந்தியதைவிடப் பரவாயில்லை, தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. ஒரு வளைவில் யார் வலப்பக்கம் வந்தார், யார் சிக்னல் போட்டார், யார் போடவில்லை என்பதெல்லாம் நுணுக்கமான விஷயம். தனக்குத் தெரியாத மொழியில் அது எப்படி எழுதப்பட்டது என்று தெரியாமல் கையெழுத்து வைப்பவருக்கு அடுத்த தடவை பொலிஸைக் கூப்பிட மனம் வராது.

நம்பிக்கை என்பது மொழியோடு முடியவும் இல்லை. 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் போன யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தார்கள். விபத்து என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டது, ஐந்து பொலிஸார் கைதானார்கள். அதற்குப் பிறகு "பொலிஸ் சொன்ன விபத்து" என்று கேட்டாலே ஒரு கணம் நின்று யோசிக்கும் பழக்கம் இங்கே பலருக்கு வந்துவிட்டது. போர்க்காலம் முழுக்கச் சீருடையைக் கண்டால் ஒதுங்கியே வளர்ந்த தலைமுறையும் இன்னும் இருக்கிறது. முழங்கால் உரசலுக்காக அவர்கள் நிலையத்துப் படி ஏறுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

பொலிஸ் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கூப்பிட்டும் வராத, அல்லது எல்லாம் முடிந்த பிறகு வரும் சந்தர்ப்பங்களுக்கு என் கண்ணுக்குத் தெரிந்த முதல் காரணம் இடம். கண்டி வீதியில், சாவகச்சேரியிலோ கொடிகாமத்திலோ, ஒரு லொறி குறுக்கே நின்றால் கொழும்பு பஸ்களெல்லாம் அடைபட்டு நிற்கும். அங்கே கெதியில் வந்துவிடுவார்கள். வாகனம் ஓட வேண்டும் என்பது அவர்களுக்கும் தலையிடி. பஸ்ஸோ அரச வாகனமோ சம்பந்தப்பட்டால் வருவார்கள். சனம் கூடி டிப்பர் சாரதியை அடிக்கத் தொடங்கினால் நிச்சயம் வருவார்கள். சில டிப்பர்காரர் அதற்கு முன்னமே தாங்களாகவே நிலையத்துக்கு ஓடிவிடுவதும் உண்டு. உள் ஒழுங்கையில் இரண்டு சைக்கிள் முட்டினால் எதுவும் அடைபடாது. அதற்கு யார் வருவார்?

எல்லைப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. வீதியின் இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று. "அது எங்கட ஏரியா இல்லை, அங்க கேளுங்கோ" என்ற பதிலை எனக்கே ஒரு நிலையம் தந்திருக்கிறது, இரண்டாவது நிலையமும் அதையே திருப்பிச் சொன்னது. பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு எடுத்தால் அது முழு நாட்டுக்குமான இலக்கம். "வைரவர் கோயிலடியால திரும்பி, வாசிகசாலை தாண்டி இரண்டாவது ஒழுங்கை" என்று இடம் சொல்வது எங்களுக்குள் சரி, கேட்பவர் இந்த ஊரைக் கண்டிராதவர் என்றால் பயனில்லை. தெரிந்த பொலிஸ்காரரின் கைபேசி இலக்கம் வைத்திருப்பவருக்கு எல்லாம் வேகமாக நடக்கும், அது யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் வீதித் தடை, வாகனத் தரிப்பிடம், சனக்கூட்டம் என்று பொலிஸாருக்குக் கோயிலைச் சுற்றியே வேலை சரியாக இருக்கும். அந்த நேரத்தில் வேறெங்காவது விழுந்தவர் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

பொறுத்திருப்பதில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது குடி. இங்கே சட்ட எல்லை 100 மில்லி லீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். இரத்தத்தில் இருப்பது நேரம் போகப் போகக் குறையும் சாமான். இரவு பத்து மணிக்கு இடித்தவர் வேலி பாய்ந்து ஓடிப்போய், குளித்து, நித்திரை கொண்டு, காலையில் சட்டத்தரணியோடு வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்து சரணடைந்தால், குடியைப் பார்க்க ஊதச் சொல்லும் பலூன் எதைக் காட்டும்? பொலிஸ் எப்போது வந்தது என்பது இந்த இடத்தில் முழு வழக்கையும் மாற்றிவிடுகிறது. கண்ணாடி உடைந்ததற்கு வராவிட்டால் பரவாயில்லை, இதற்கு வர வேண்டும். ஆனால் போன் எடுப்பவர் "ஒரு அக்சிடென்ட்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். சாரதி வெறியில் நிற்கிறார், ஓடப் பார்க்கிறார் என்று சொன்னால் கேட்பவரின் அவசரமும் மாறும்.

சிட்னியில் இருக்கும் மச்சான் ஒருவரோடு இதைக் கதைத்தபோது அவர் சிரித்தார். அங்கேயும் சும்மா வரமாட்டார்களாம். நியூ சவுத் வேல்ஸில் 2014 ஒக்டோபரிலிருந்து அப்படித்தான். ஆள் இறந்தால், காயப்பட்டால், உள்ளே சிக்கினால், ஒருவர் நிற்காமல் போனால் அல்லது விவரம் தர மறுத்தால், குடி அல்லது போதைப்பொருள் சந்தேகம் இருந்தால், வீதியில் ஆபத்து அல்லது நெரிசல் இருந்தால், லொறியோ பஸ்ஸோ இழுத்துச் செல்லப்பட வேண்டியிருந்தால் பொலிஸ் வரும். சாதாரணக் கார் ஓட முடியாமல் இழுவை வண்டியில் போனாலும்கூட, காயம் இல்லையென்றால் விவரத்தைப் பரிமாறிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம். பிரித்தானியாவிலும் எல்லா இடிபாட்டுக்கும் பொலிஸ் வருவதில்லை. ஆக, வராமல் இருப்பது எங்களுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. அங்கே எதற்கு வருவார்கள், எதற்கு வரமாட்டார்கள் என்பது சனத்துக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே அந்தப் பட்டியலைக் கடைக்காரரும் அண்ணைமாரும் அந்தந்த நேரத்தில் போடுகிறார்கள்.

பொலிஸ் வராத விபத்துக்கும் இங்கே ஒரு பின்வாசல் இருக்கிறது, அது ஆஸ்பத்திரி. காயத்தோடு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போனால் அங்குள்ள வைத்தியசாலைப் பொலிஸார் விபத்து என்றதும் விவரம் கேட்பார்கள். தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரிக்கான படிவம் போகும். இடத்துக்கு யாரும் போகாவிட்டாலும் ஒரு பதிவு உண்டாகிவிடும். 2018 ஜூலை 21இல் துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த விழாவோடு 1990 இலவச அம்புலன்ஸ் வடக்குக்கு வந்த பிறகு காயப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வேகம் கூடியிருக்கிறது. 1990க்குப் போன் எடுக்க யாரும் தயங்குவதில்லை. லைசன்ஸ் கேட்கமாட்டார்கள், மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்கமாட்டார்கள். ஆளை ஏற்றியதும் சனம் கலைந்துவிடும், வாகனத்தை ஓரங்கட்டிவிடுவார்கள், வீதியில் கண்ணாடித் துண்டுகள்தான் மிச்சம். பிறகு பொலிஸ் வந்தாலும் அளக்க ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரியிலும் கதை மாறும். சமாதானமாகப் போய்விட்டவர்கள் அங்கே "மாடு குறுக்கால வந்தது, தனியத்தான் விழுந்தனான்" என்பார்கள். கட்டாக்காலி மாடுகள் இங்கே உண்மையிலேயே இரவில் வீதி நடுவே படுத்திருப்பவைதான், அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் எல்லா மாடும் மாடு இல்லை.

இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், வீதியைத் திருத்துபவர்கள் ஏட்டைப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மதகடி வளைவு இருக்கிறது. கார்ப்பெற் போட்ட பிறகு எல்லோரும் வேகமாக வந்து, மழை நாளில் அங்கே சறுக்குவார்கள். ஸ்கூட்டியில் பிள்ளையை ஏற்றிப் போகும் தாய்மார்தான் கூட விழுவது. ஊர்ச் சனசமூக நிலையத்திலிருந்து கடிதம் எழுதினோம். முதலில் அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வீதியா, மாகாணத் திணைக்களத்தின் வீதியா, பிரதேச சபையின் வீதியா என்று கண்டுபிடிக்கவே நாட்கள் போனது. சரியான அலுவலகத்தைக் கண்டுபிடித்த பிறகு வந்த கேள்வி: "அந்த இடத்தில் பதிவான விபத்துகள் எத்தனை?" ஊரில் எல்லோருக்கும் யார் யார் விழுந்தார்கள் என்று தெரியும். ஏட்டில் ஒன்றுமே இல்லை. அந்த உத்தியோகத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கிற காசுக்குள் எந்த வளைவை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்க அவருக்கு அந்த எண்ணிக்கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

மரணத்தை மட்டும் எண்ணும் ஏடு மரணம் நடந்த இடத்தைத்தான் காட்டும். கண்டி வீதியின் நேரான பகுதிகளும் காப்பற்ற ரயில் கடவைகளும் அதில் தெரியும். சந்தை வாசலும் பாடசாலை ஒழுங்கையும் மதகடியும் தெரியாது. ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவிலும், 1990காரரிடமும், காப்புறுதிக் கம்பனிகளின் கோவைகளிலும் சிதறிக் கிடப்பதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு யாழ்ப்பாண வரைபடம் கிடைக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். பெயர் தேவையில்லை, இடமும் நேரமும் போதும்.

அதுவரைக்கும் சில நடைமுறை விஷயங்கள். காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் மற்ற வாகனத்தின் இலக்கத்தையும் இரண்டு வாகனமும் நின்ற நிலையையும் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, பிறகு ஓரங்கட்டுங்கள். கைக்காசு வாங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், விழுந்த இடத்தைச் சந்தியின் பெயரோடு சொல்லுங்கள், மாட்டின் தலையில் போடாதீர்கள். நிலையத்தில் என்ட்ரி போட்டால் அதன் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இடித்துவிட்டு ஓடிய வாகனம் கடைசிவரை பிடிபடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்குத் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையூடாக இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதற்கும் பொலிஸ் அறிக்கை வேண்டும்.